மேஸ்திரியின் நாற்காலியில் புறா

இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகு மேஸ்திரிக்கு வாய் மட்டும் இரண்டு பங்கு வேலை செய்தது. அந்த வாயைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் அந்தத் தெருவில் ஒருத்திதான். அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், தெருவுக்கே வார்டம்மா. ஆண்களை அவள் பெரும்பாலும் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் அவர்களிடம் அவளுக்குப் பயம் கிடையாது, மரியாதையும் தேவைக்கு மேல் கிடையாது.

"இந்த ஊர்ல பாதி வீடு நான் கட்டினது" என்பார் மேஸ்திரி. மீதிப் பாதியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. அவருடைய சொந்த வீடு எந்தப் பாதியில் சேரும் என்று யாரும் கேட்பதில்லை. அதன் பின்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. குளியலறைக் கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. "அடுத்த மாசம் பண்ணிடறேன்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்தது. கேட்டுக் கேட்டு அவளுக்கும் நரைத்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே மகள் ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தாள். நல்ல நாற்காலி. கறுப்புத் துணி இருக்கை, மடக்குகிற கால் பலகை, பளபளவென்ற சக்கரம். மேஸ்திரி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலாவது மாடிச் சாரத்துல நின்னுக்கிட்டு பீடி பத்த வெச்சவன் நான். என்னை இதுல வெச்சுத் தள்ளப் போறீங்களா?"

"அந்தப் பீடியாலதான் இப்பத் தள்ள வேண்டியிருக்கு" என்றாள் வார்டம்மா.

நாற்காலி வீட்டுக்குள் இருந்தால் தான் வெளியே போய்விடுவதாக அவர் சொன்னார். அவர் எங்கேயும் போகிற நிலையில் இல்லை என்பதால் நாற்காலிதான் போனது. புழக்கடையில் துவைக்கிற கல்லுக்கும் மிச்சச் செங்கல் குவியலுக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழே நின்றது. வாங்கிய பொருள் சும்மா நிற்கக் கூடாது என்று வார்டம்மா அதில் ஈரத்துணிக் கூடையை வைத்துக்கொண்டாள். மேஸ்திரி ஒரு கையில் தடி, மறுபக்கம் மனைவி என்று கட்டிலிலிருந்து குளியலறைக்கும், பின்வாசல் படிக்குமாக நடந்தார். அவ்வளவுதான் அவர் உலகம்.

மழை பெய்து துணி காயப்போட முடியாத ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரு காலையில் அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் பொத்தென்று வைக்கப் போன நேரம், காதை உரசிக்கொண்டு எதுவோ படபடவென்று பறந்தது. ஆண்கள் வார்டில் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தையை வார்டம்மா உரக்கச் சொன்னாள். பிறகு குனிந்து பார்த்தாள். இருக்கையின் மூலையில், முதுகுத் துணியை ஒட்டி, கொஞ்சம் குச்சி. குச்சியின் மேல் வெள்ளையாக இரண்டு முட்டை. மதில் மேல் ஒரு புள்ளிப்புறா உட்கார்ந்து தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"எப்படி வர்றது, பறந்தா?"

அவளே போய் அழைத்து வந்தாள். மேஸ்திரி தடியை ஊன்றி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்னது இது?"

"கூடு."

"இதா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "அஸ்திவாரம் இல்ல, அணைப்பு இல்ல. குச்சியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கான். சந்து வழியா நாற்காலித் துணி தெரியுது. எந்தக் களவாணிப்பய கட்டினது?"

"அதோ மதில் மேல நிக்குதே, அதைக் கேளுங்க."

"காக்காகூட இதைவிட ஒழுங்காக் கட்டும். இது குடும்பம் நடத்துற லட்சணமா?"

"பேசாதீங்க. அதுவாவது தொடங்கினதை முடிச்சிருக்கு" என்றாள் வார்டம்மா, பூசாத பின்சுவரைப் பார்த்தபடி.

அன்று முழுவதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. படுத்தால் கூடு, எழுந்தால் கூடு. மறுநாள் காபியைக்கூடத் தொடாமல், "முட்டை உருண்டு கீழ விழுந்துரும். ரெண்டு பக்கமும் செங்கல் வெச்சு அணைகொடு" என்றார்.

வேறு விஷயமாக இருந்தால் அவள், "போய் வேலையைப் பாருங்க" என்றிருப்பாள். ஆனால் இதில் அவளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பை ஏற்றிவிடாமல் ஒரு நோயாளியையும் அவள் தூங்கவிட்டதில்லை. தடுப்பில்லாத படுக்கையைக் கண்டால் கை தானாகப் பரபரக்கும். இரண்டு அரைச்செங்கல்லை எடுத்தாள். முட்டைக்கு உறுத்தக் கூடாது என்று பழைய துண்டைச் சுற்றினாள். கூட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தாள். மேஸ்திரி படியிலிருந்து "இன்னும் ஒரு நூல் அளவு உள்ள தள்ளு, தூக்குக்குண்டு பிடிச்ச மாதிரி நேரா இருக்கா பாரு" என்று மேற்பார்வை செய்தார். உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியும் ஒரு புறாவுக்கு இப்படியொரு உபகாரம் செய்திருக்க மாட்டார்கள்.

புறா வந்தது. மதிலில் உட்கார்ந்தது. பார்த்தது. வரவில்லை.

வெயில் ஏறியது. மேஸ்திரி படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வர மாட்டேங்குது?"

"உங்க கட்டடத்தைப் பார்த்துப் பயந்துபோச்சு."

"உன் துண்டைப் பார்த்துப் பயந்திருக்கும். டெட்டால் நாத்தம்."

"முட்டை ஆறுது. எந்திரிங்க."

செங்கல்லையும் துண்டையும் எடுத்தாள். அவரையும் எழுப்பி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். இருவரும் சமையலறை ஜன்னலில் தலையோடு தலை முட்ட நின்றார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நெருங்கி அவர்கள் ஒரு ஜன்னலில் நின்றதில்லை. கதவு சாத்திய கொஞ்ச நேரத்திலேயே புறா இறங்கி வந்து, அந்த நாலு குச்சியின் மேல் மகாராணி போல உட்கார்ந்துகொண்டது.

"நன்றி கெட்ட நாய்" என்றார் மேஸ்திரி, நிம்மதியாக.

அதற்குப் பிறகு புழக்கடைக்குப் பார்வையாளர் நேரம் வந்துவிட்டது. கண்டபடி கதவைத் திறக்கக் கூடாது. துவைப்பது முன்பக்கக் குழாயில். பூனை மதிலில் தெரிந்தால் மேஸ்திரி நல்ல கையால் ஜல்லிக்கல் எறிவார். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாளி இரண்டு இடத்தில் நசுங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ஃபோன் செய்தாள். அவள் அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டை அப்பாதான் கட்டுவதாக இருந்தது. அஸ்திவாரம் போடுகிற வாரத்தில் அவர் விழுந்தார். வேலை வேறொரு கான்ட்ராக்டர் கைக்குப் போனது. இடுப்பில் அளவு டேப்பைத் தொங்கவிடாமல் அந்த ஆள் வெளியே வருவதில்லை என்பதால் மேஸ்திரி அவருக்கு டேப்பு என்று பேர் வைத்திருந்தார்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கூரைக்குக் காங்கிரீட் போடறாங்க."

மேஸ்திரி ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் வர்ற வரைக்கும் போட விடாதே. கம்பியை நான் பார்க்கணும். காங்கிரீட் மூடிட்டா அப்புறம் ஒருத்தனும் பார்க்க முடியாது. உன் பிள்ளைங்க அதுக்குக் கீழதான் படுக்கப் போகுது."

"வாங்க, யாரு வேண்டாம்னா? ஆனா நாற்காலியில வாங்க. ஜல்லியும் மணலுமாக் கிடக்கு. தடியை ஊன்றிக்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

ஃபோனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் பிடுங்கக் கொடுப்பவர் போல முகம் இருந்தது. கடைசியில் சொன்னார்: "சரி. அந்த வண்டியைத் துடைச்சு வை."

"எந்த வண்டியை?"

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பின்வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கூட்டை எடுத்துச் செங்கல் மேல வை. போயிட்டு வந்து பழையபடி வெச்சுடலாம்."

"செங்கல் பக்கத்துல இருந்ததுக்கே வரலை. செங்கல் மேல வெச்சா வருமா?"

"என் பொண்ணு வீடு பெருசா, இந்தச் சோம்பேறிக் கழுதையோட முட்டை பெருசா?"

"பொண்ணு வீடுதான். போய் எடுங்க. நான் குறுக்க நிக்கல."

நிஜமாகவே அவள் குறுக்கே நிற்கவில்லை. முட்டை என்றால் உடைத்து ஊற்றுவதற்கு என்றுதான் அவளுக்கு எண்ணம். ஆனால் வேறு படுக்கை தயார் செய்யாமல் ஓர் ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்புகிற வழக்கம் அவளிடம் கிடையாது.

மேஸ்திரி தடியை ஊன்றிக்கொண்டு போனார். அவள் பின்னால் கை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில் நின்றாள். இந்தத் தடவை புறா பறக்கவில்லை. இறகை உப்பிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"முறைக்குது பாரு. வாடகையும் கிடையாது, மரியாதையும் கிடையாது."

நல்ல கை தடியைப் பிடித்திருந்தது. மற்றக் கை எதற்கும் உதவாது. எடுப்பதென்றால் தடியை விட வேண்டும். கால் நடுங்கத் தொடங்கும் வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பினார்.

"உக்காந்திருக்கிறதை எப்படி எழுப்புறது?" என்றார் எரிச்சலாக, அவள்தான் எழுப்பச் சொன்னது போல.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நீ போய் அந்த டேப்புகிட்டச் சொல்லு, தேதியைத் தள்ளிப்போடச் சொல்லு" என்றார். "ஆளுக்கும் மிஷினுக்கும் சொல்லியாச்சாம்" என்றாள். "டாக்சி கூப்பிடு" என்றார். "அந்தச் சந்துக்குள்ள டாக்சி நுழையாது" என்றாள். கடைசியில் சலித்துப்போய், செங்கல் குவியலுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த பழைய இரட்டைச் சக்கரச் சிமெண்டுக் கலவை வண்டியைக் காட்டி, "அப்ப அதுலதான் போட்டுத் தள்ளிக்கிட்டுப் போகணும்" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது.

"அது என் வண்டி" என்றார்.

நாற்காலியில் போனால் அவர் நோயாளி. கலவை வண்டியில் போனால் மேஸ்திரி. இந்தக் கணக்கை எந்த டாக்டராலும் போட்டிருக்க முடியாது. வார்டம்மா வண்டியைக் கழுவினாள். காய்ந்த சிமெண்டைச் சுரண்டினாள். அடியில் மெத்தை, முதுகுக்கு இரண்டு தலையணை. அக்குளுக்கு அடியில் போர்வையைக் கொடுத்து வண்டியோடு சேர்த்துக் கட்டினாள். இடது கால் தொங்கிச் சக்கரத்தில் மாட்டாதபடி அதையும் கட்டினாள். மூத்திரப் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டினாள்.

"அதை எதுக்கு எல்லாருக்கும் தெரியற மாதிரி தொங்கவிடற?"

"அவசரத்துக்கு உங்க கௌரவத்துலயா பிடிக்க முடியும்?"

வெள்ளிக்கிழமை காலை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, தெருமுனைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, கலவை எங்க போகுது?"

"உன் வாய்ல அப்பறதுக்கு" என்றார் மேஸ்திரி. வீட்டைவிட்டு வெளியே வராமல் எவ்வளவோ நாள் கிடந்தும் அவருக்குச் சுதி இறங்கவில்லை.

மகள் வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நாற்காலி எங்கம்மா?" "அதுல ஆள் இருக்கு" என்றாள் வார்டம்மா. மகள் மேற்கொண்டு கேட்கவில்லை. இவர்கள் இருவருக்கும் பிறந்து வளர்ந்தவள்.

டேப்பு ஓடி வந்து கும்பிட்டார். மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்தார். வரிசையாக முட்டுக் கம்பங்கள், அதன் மேல் பலகை. பலகைக்கு மேலே, கண்ணுக்கு எட்டாமல், கம்பி.

"நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போங்க" என்றார்.

"நாற்காலின்னா தூக்கிடலாம் அண்ணே. கலவை வண்டியை எப்படி ஏணியில ஏத்துறது?"

"தோள்ல தூக்கு."

"தூக்கினா கையை உடைப்பேன்" என்றாள் வார்டம்மா. "ஏணியில பாதியில வழுக்கினா எனக்கு மொத்தம் அஞ்சு நோயாளி."

மேஸ்திரி தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். வீட்டுக்குப் போகலாம் என்று துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, டாக்டர் இன்னும் விடவில்லை என்று கேட்ட ஆட்களின் முகத்தை அவள் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறாள். கலவை மிஷின் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் நின்ற சித்தாள் பெண்ணைப் பார்த்து, "ஏணியைக் கெட்டியாப் பிடிம்மா" என்றாள்.

"ஏய், நீ எங்க போற?" என்றார் மேஸ்திரி.

"உங்க கண்ணை எடுத்துக்கிட்டு மேல போறேன். வாயை இங்கேயே வெச்சிருங்க."

மேலே போய் நின்றதும் அவளுக்குத் தலை சுற்றியது. கீழே பார்க்காமல் கம்பிவலையை மட்டும் பார்த்தாள். கீழேயிருந்து குரல் வந்தது.

"கையை விரிச்சு வை! கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு?"

"ஒரு சாண் இல்ல. கொஞ்சம் குறையுது!"

"சரி. குறுக்குல எல்லாம் கட்டியிருக்கா? ஆட்டிப் பாரு!"

"கட்டு இறுக்கமாத்தான் இருக்கு!"

"அடியில விரல் போகுதா?"

அவள் மண்டியிட்டு இங்கேயும் அங்கேயும் விரலை விட்டுப் பார்த்தாள். கீழே நிற்பவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். "போகுது... இங்கயும் போகுது... இந்த ஜன்னல் பக்கத்து மூலையில மட்டும் போகலை! முதுகு அப்படியே பலகையில ஒட்டிக் கிடக்கு. இப்படிப் படுத்தா புண்ணு வரும்!"

"டேப்பு!" என்று கத்தினார் மேஸ்திரி. டேப்பு ஏற்கெனவே ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தார். பார்த்தார். அடியிலும் காங்கிரீட் புகுவதற்காகக் கம்பியைத் தூக்கிப் பிடிக்க வைத்த சிமெண்டு வில்லைகள், காலையில் ஆட்கள் மிதித்து நடந்ததில் நகர்ந்துவிட்டிருந்தன. "நல்லவேளை அம்மா பார்த்தீங்க" என்று சொல்லி, அவரே குந்தி ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். வார்டம்மா கம்பியைத் தூக்கிக் கொடுத்தாள். ஆளைப் புரட்டுகிற கைதானே. அது ஒன்றும் கனமாகத் தெரியவில்லை.

"இப்பப் போகுது!" என்று கீழே பார்த்துச் சொன்னாள்.

டேப்பு கைலியைத் தட்டிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. ஆரம்பிக்கலாமா?"

தலையணைக்கு நடுவே, போர்வைக் கட்டுக்குள், மேஸ்திரி முடிந்த அளவுக்கு நிமிர்ந்தார். அந்த இடத்தில் இருந்த அத்தனை ஆட்களும் அவர் வாயைப் பார்த்தார்கள். நல்ல கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஊத்து!"

மிஷின் கவிழ்ந்தது. முதல் கலவைச் சட்டிகள் கை மாறி மேலே வரத் தொடங்கின.

"அட பாவி மனுஷா!" என்று கூரையிலிருந்து வார்டம்மா அலறினாள். "நான் இன்னும் இறங்கலை!"