ஏழெழுத்து அட்டைகள்

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பழுப்பு அட்டை. ஒரு பக்கம் கட்டம் போட்டு, எந்த நாளில் எத்தனை போல்ட் வந்தது, எத்தனை போனது என்று எழுதியிருக்கும். அட்டை நிரம்பிவிட்டால் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து எடுத்துவிடுவார்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் பக்கத்தில்தான் எங்கள் ஸ்டோர்கீப்பர் சார் இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி வைத்தார். எண்பதுகளின் தொடக்கம். பாலாநகரில் ஒரு சர்க்கார் தொழிற்சாலை. நான் அங்கே காண்ட்ராக்டர் ஆள். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் எட்டாம் வகுப்பில் தோற்று, ஹூப்ளி, ஷோலாப்பூர் என்று கிடைத்த ஊரில் கிடைத்த வேலை செய்து, இருபத்தேழு வயதில் ஹைதராபாத்தில் வந்து நின்றிருந்தேன். ஸ்டோர்ஸில் பெருக்குவது, தூக்குவது, அடுக்குவது என் வேலை. தமிழ் ஆள் என்பதால் சார் என்னிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் எழுத்துக்கட்டை ஆட்டம் நடக்கும். ஆளுக்கு ஏழு கட்டை எடுத்து, பலகையில் வார்த்தை சேர்க்க வேண்டும். ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் பெரிய புள்ளி. ஸ்டோர்ஸில் திருகாணியை முதலில் நீளம் பார்த்துப் பிரிப்போம், பிறகு மரை பார்த்து. சார் வார்த்தைகளையும் அப்படியே பிரித்திருந்தார். இரண்டெழுத்துக்கு ஒரு தட்டு, மூன்றெழுத்துக்கு ஒரு தட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் முதலெழுத்து வரிசை. தட்டுகளைக் கேண்டீனுக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஏழெழுத்துத் தட்டு மட்டும் போகாது. அது கீழ் டிராயரில் இருந்தது, அப்போது எனக்குத் தெரியாது. ஏழு கட்டையும் தானாகச் சேர்ந்து வந்தால்கூட அவர் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொள்வார் என்று கூட ஆடுகிறவர்கள் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஆடிட் வந்தது. சிவப்புக் கோடு போட்ட பழைய அட்டை ஒன்றுகூட ஸ்டோர்ஸில் இருக்கக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவு. சார் அன்று அரை நாள் லீவு, ஆட்டத் தட்டுகள் கேண்டீனில் இருந்தன. நான் ஒவ்வொரு டிராயராகத் திறந்தேன். கீழ் டிராயரில் அட்டைகள் சிவப்புக் கோட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. கோடு இருந்தால் கழிவு. ஸ்டோர்ஸில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. திருப்பிப் பார்க்கவில்லை. சாக்கில் கொட்டிக் கழிவு லாரியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை சார் அந்த டிராயரைத் திறந்தார். கையை உள்ளே விட்டு, பின்பலகை வரை தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கழிவுக் கிடங்குக்கு ஓடினேன். பேப்பர் எல்லாம் விடியற்காலையிலேயே மில்லுக்குப் போய்விட்டது என்றார்கள்.

திரும்பி வந்து சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, "அது என் பையன் எழுதினதுப்பா," என்றார். ஏழெழுத்து மட்டும் அவன் பங்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்களாம். பதினான்கு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். "நான் எழுதினதெல்லாம் மனப்பாடம். அவன் எழுதினதுல ஒண்ணுகூட வரமாட்டேங்குது." பிறகு, "ஞாயித்துக்கிழமை அவன் திதி. அட்டையெல்லாம் கொண்டாங்க, போட்டோ பக்கத்துல வைக்கணும்னு வீட்டுல அவ சொல்லியிருக்கா. என்னன்னு போய்ச் சொல்லுவேன்?" என்றார்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் நான் சீட்டு ஒன்றில் சாமான் பெயரை இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். எட்டாவதோடு நின்றுபோன கை. ஒவ்வொரு எழுத்தும் நாலு கோட்டு நோட்டில் நிற்பதுபோல் தனித்தனியாக நிற்கும். சார் சீட்டை வெகுநேரம் பார்த்தார். "அவன் எழுத்தும் இப்படித்தான் நிக்கும். நீ எழுது," என்றார். கழித்துவிட்ட அட்டைகள் வேறு பிரிவில் இருந்தன, கேட்டு வாங்கினார். லைப்ரரியிலிருந்து அகராதி வந்தது. தன் சட்டைப்பையிலிருந்த மைப்பேனாவை எடுத்துக் கொடுத்தார். அகராதியில் அவர் விரல் வைத்துக் காட்டுவார், நான் எழுத்தெழுத்தாக எண்ணி எழுதுவேன். ஜர்னி, ஜஸ்டிஸ், கிச்சன், லான்டர்ன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. பேக்கிங்கில் இருந்த பாய் எட்டிப் பார்த்து, பாதி ஹைதராபாத் உருதுவில், "கைக்கு மியா, எதுக்கு இவ்ளோ இங்கிலீஷ்? கலெக்டர் ஆகப்போறியா?" என்றார். "ஹவ், ஆமா, ஆர்டர் வந்தாச்சு," என்றேன். சார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பார்ப்பார். சனிக்கிழமை மூன்று விரலும் மரத்துப்போய், ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோத்குண்டாவில் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். போனேன். படையல் முடிந்திருந்தது. போட்டோவுக்குச் சந்தனம் வைத்து, பக்கத்தில் அட்டைத் தட்டை வைத்திருந்தார்கள். சார் கை கழுவப் பின்பக்கம் போனார். அவர் வீட்டு அம்மா தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, எழுத்தைப் பார்க்காமல், திருப்பிச் சிவப்புக் கோட்டுப் பக்கத்தை விரலால் தடவினார். "அவன் பால்பென்னால அழுத்தி எழுதுவான், தம்பி. பின்பக்கம் மேடு தட்டும். நிப்பு உடைஞ்சிரும்டா, மெதுவா எழுதுன்னு நான் சத்தம் போட்டுக்கிட்டே இருப்பேன்." அட்டையை மறுபடி எடுத்த இடத்திலேயே, முதலெழுத்து வரிசை மாறாமல் வைத்தார். சார் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தியா, எல்லாம் பத்திரமா இருக்கு," என்றார். "ஆமாங்க," என்றார் அம்மா. "அப்படியே இருக்கு." பிறகு என் இலைப் பக்கம் குனிந்து பாயசம் ஊற்றினார். "போட்டுக்க தம்பி," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கை வலிச்சிருக்கும்."

அடுத்த வாரம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். நாந்தேட், பிறகு நாக்பூர், பிறகு எத்தனையோ இடம். பட்டினி கிடந்திருக்கிறேன், ஒருமுறை லாக்கப்பில் இருந்திருக்கிறேன்; அவையெல்லாம் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. சார் காலமாகிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அதுவரை அவர் தன் மனைவி நம்பிவிட்டதாகவே நினைத்திருப்பார். அம்மா அதைக் கலைத்திருக்க மாட்டார். ஒவ்வொரு வருஷமும் அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் என் எழுத்து அவனுடையதாக உட்கார்ந்திருக்கும்.

இப்போது கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடி வாசலில் எனக்குக் காவல் வேலை. உள்ளே வரும் வண்டிகளின் நம்பரையும் ஆட்களின் பெயரையும் நோட்டில் இங்கிலீஷில் எழுத வேண்டும். அடுத்த ஷிப்டுக்கு வரும் பையன் தினமும் சண்டை போடுகிறான். நான் எழுதும் தாளுக்குப் பின்னால் மூன்று தாள் வரை பள்ளம் விழுகிறதாம், அவனால் அதில் எழுத முடியவில்லையாம். மெதுவாகத்தான் எழுதிப் பார்க்கிறேன். இரண்டு வரிக்கு மேல் முடிவதில்லை. கை தானாக அழுத்துகிறது.