யோசித்துவிட்டுக் குதித்தவள்

எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டு போடுவது அவர் வேலை. பிள்ளைகளுக்கு அவர் கட்டு மாமா. மாவு இறுகும்வரை பிள்ளையை ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க ஒரு கதை வைத்திருந்தார். தாகத்தில், தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பாராமல் பாழுங்கிணற்றில் குதித்த நரியின் கதை. அவருடைய அம்மா அவருக்குச் சொன்னது.

"இனிமே எது செஞ்சாலும் முதல்ல யோசிக்கணும், சரியா?" என்று முடிப்பார். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். ஆட்டிய தலைகளில் பாதி மறுபடி வந்து நிற்கும். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"தொண்டைத் தண்ணி வத்துறதுதான் மிச்சம்" என்று வீட்டில் புலம்புவார்.

"அதுங்க வரலைன்னா உங்களுக்கு ஏதுங்க வேலை?" என்பாள் மனைவி. அதைக் கேட்டால் இன்னும் எரியும்.

ஒருநாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வலது கையைத் தாங்கிக்கொண்டு அப்பாவோடு வந்தாள். முன்பு இடது கைக்கு அவர்தான் கட்டுப் போட்டிருந்தார்.

"யோசிக்கச் சொன்னேனா இல்லையா?"

"யோசிச்சேன் மாமா. நரி எட்டிப் பாக்கல. நான் பாத்தேன். கீழ மெத்தை இருந்துச்சு. அப்புறம்தான் மாடிப்படியிலேர்ந்து குதிச்சேன்."

"பின்ன எப்படிக் கை உடைஞ்சுது?"

"மெத்தை வழுக்கிடுச்சு. அது உங்க கதையில இல்ல."

அப்பா சிரித்துவிட்டார். கட்டு மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாத்தையும் கதையில சொல்ல முடியுமா?"

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

அவருக்கு அவள்மேல், மெத்தைமேல், நரிமேல், போய்ச்சேர்ந்த அம்மாமேல்கூடக் கோபம் வந்தது. அந்த வேகத்தில் இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றிவிட்டார்.

அதன்பின் கதையே சொல்வதில்லை என்று வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகள் நெளிந்தார்கள். ஈரக் கட்டுகள் கோணின. "கைக்குக் கட்டுப் போடச் சொன்னா முருங்கைக்காய் மாதிரி வளைச்சு வச்சிருக்கீங்க" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

வேறு வழியில்லை. மறுபடி தொடங்கினார். ஆனால் நரியைக் கிணற்றோரம் கொண்டுவந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப நீதான் நரி. என்ன பண்ணுவே?"

கல்லைப் போட்டுப் பார்ப்பேன் என்றான் ஒருவன். ஏறிவரக் கயிறு இருக்கா என்று கேட்டாள் ஒருத்தி. சைக்கிளிலிருந்து விழுந்து வந்த பொடியன் வெகுநேரம் யோசித்தான்.

"முதல்ல இன்னொரு நரியைத் தள்ளிவிட்டுப் பாப்பேன்."

அவர் அவனையே பார்த்தார். யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான், குறை சொல்ல முடியாது. பெருமூச்சு விட்டு, "கையை ஆட்டாத" என்று மட்டும் சொன்னார்.