அண்ணி திருப்பிச் சொல்ல வைத்த வாக்கியங்கள்

பெங்களூர் போகும் காலை ரயிலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருநாள் யாரோ புது ஆள் கால் நீட்டிப் படுத்திருந்தார். என் அண்ணி அவர் முன்னால் போய் நின்று, "யூ மஸ்ட் கெட் அப். யூ வில் சிட் தேர்" என்றார். அந்த மனிதர் விழுந்தடித்து எழுந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அண்ணியைப் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார், பாவம். பெட்டியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதே குரலில்தான் அண்ணி தினமும் நூறு பேரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு முதுகு போய் வேலைக்குப் போக முடியாமல் ஆன வருஷம் அது. அண்ணிக்கு நாற்பது வயது. ஒரு சமையல் கேஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். எங்கள் கோலார் தங்கவயல்காரர்களுக்கு இங்கிலீஷ் என்றால் பயமே கிடையாது, எவரிடமும் அடித்துப் பேசுவோம். ஆனால் அந்த இங்கிலீஷ் சுரங்கத்தில் கற்றது. மேலதிகாரி உத்தரவு போடுவார், கீழே இருப்பவர் செய்வார். 'முடியுமா', 'தயவுசெய்து' எல்லாம் அங்கே வழக்கத்தில் இல்லை. அண்ணி தங்கவயலிலேயே பாலகாட் சுரங்கப் பகுதியில் பிறந்தவர், அவருடைய அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர். இரண்டாவது மாத முடிவுக்குள் அண்ணி அதட்டுவதாக இரண்டு புகார்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ஆங்கில இலக்கியம் படித்தவள், ஒயிட்ஃபீல்டில் ஆபீஸ் வேலை, போதாததற்கு நாத்தனார் வேறு. ரயில் ஊர்காம் ஸ்டேஷனைத் தாண்டியதும் பாடம் ஆரம்பமாகும். 'யூ மஸ்ட் கிவ் நம்பர்' கூடாது, 'குட் யூ கிவ் மீ யுவர் நம்பர்' என்று கேட்க வேண்டும். 'ஐ ஹாவ் டோல்ட் யூ யெஸ்டர்டே' தப்பு, நேற்று முடிந்த காரியம், 'ஐ டோல்ட் யூ' போதும். எதிர் சீட்டு வங்கிக்காரர் கோபக்கார வாடிக்கையாளராக நடிப்பார். மனிதர் வாழ்நாளெல்லாம் வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை மொத்தமாக அண்ணி மேல் இறக்குவார். பெட்டியில் பாதிப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். நாலு வாரத்தில் அண்ணி 'வுட் யூ மைண்ட்' என்று சொல்லும் அழகுக்குக் கைதட்டல் விழுந்தது.

ஒன்றில் மட்டும் மல்லுக்கு நின்றார். சிலிண்டர் நாளைக்கு 'வில் கம்' என்று சொல்லாதீர்கள் அண்ணி, அது சத்தியம் பண்ணுகிற மாதிரி, 'ஷுட் கம்' என்று சொல்லுங்கள், வராவிட்டாலும் நம் தலை தப்பும் என்றேன்.

"வரும்னு சொன்னா வரணும். வந்தாலும் வரும்னு சொல்றது இன்னாடி பதிலு? நம்மள நம்பித்தான கேக்கறாங்க?"

கம்பெனியே அப்படித்தான் சொல்லச் சொல்கிறது என்று அடக்கிவிட்டேன். எனக்கு அவ்வளவு மிதப்பு.

சோதனைக் காலம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அந்த அழைப்பு வந்தது. ஊருக்குப் புதிதாக வந்த ஒரு வடக்கத்திப் பெண். சிலிண்டர் மாற்றினாளாம், உஸ்ஸென்று சத்தம், வீடெல்லாம் நாற்றம், கைக்குழந்தை உள்ளறையில் தூங்குகிறது. அண்ணி நான் சொல்லிக்கொடுத்தபடியே 'வுட் யூ மைண்ட்' என்று ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பெண் காதில் எதுவும் ஏறவில்லை. ஃபேன் போடட்டுமா என்று அழுதிருக்கிறாள்.

அதோடு என் பாடமெல்லாம் பறந்தது. "நோ! யூ மஸ்ட் நாட் டச் எனி ஸ்விட்ச். ஸே இட் பேக் டு மீ!"

சுரங்கத்தில் அப்படித்தான். கீழேயிருந்து மணி அடித்தால் மேலே அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காதவரை கேஜ் நகராது. அந்தப் பெண் தேம்பிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். ரெகுலேட்டரை மூடு என்றார், திருப்பிச் சொன்னாள், மூடினாள். "டேக் தி பேபி. கோ அவுட். கால் மீ ஃப்ரம் அவுட்சைட்." இதற்குப் பதில் வரவில்லை. லைன் போய்விட்டது.

அண்ணி அவசர உதவிக்கு ஆளனுப்பச் சொல்லிவிட்டு, அந்த நம்பருக்குத் திரும்பப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் உள்ளே இருந்தால்? போன் அடிப்பதே ஆபத்தாகிவிட்டால்? அடுத்த அழைப்புகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. எதையும் எடுக்கவில்லை. கண்காணிப்பாளர் வந்து கத்தியும் எடுக்கவில்லை. பதினோரு நிமிஷம். பிறகு பக்கத்து மேசைக்கு ஓர் அழைப்பு வந்தது, திட்டின அந்த மேடம் வேண்டும் என்று. அண்ணி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பெண் நன்றிகூடச் சொல்லவில்லை. "ஐ ஆம் அவுட்சைட். பேபி இஸ் வித் மீ" என்றாள்.

சாயங்கால ரயிலில் அண்ணி இதைச் சொன்னபோது வங்கிக்காரர் சீட்டைத் தட்டித் தட்டிக் கூத்தாடினார். நானும் கைதட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு அழைப்புக்கும் கம்பெனி போடும் மதிப்பெண்ணில் மரியாதைக்கு அன்றைக்குப் பூஜ்யம், எடுக்காத அழைப்புகளுக்கு விளக்கம் வேறு கேட்டிருக்கிறார்கள். போய்விட்டது வேலை என்று நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது. நான் நாலு வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நம் தலை தப்புவதற்கான பேச்சுதானே.

மறுநாள் மேலாளர் அந்த அழைப்பின் பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணியைக் கூப்பிட்டாராம். இன்னொரு முறை இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாராம்.

"இன்னா அண்ணி சொன்னீங்க?" பெட்டியே காத்திருந்தது.

"ஐ வுட் வெயிட் அகெய்ன், சார்னு சொன்னேன்."

மறுபடியும் காத்திருப்பேன். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்தே சொன்ன பதில். அந்த வாரமே வேலையை உறுதி செய்து கடிதம் கொடுத்தார்கள். இப்போது கேஸ் கசிவு அழைப்புகளெல்லாம் நேராக அண்ணி மேசைக்குத்தான் போகின்றன. நான் அவருக்குப் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் ஆபீசில் போன வாரம் ஒருவர், சம்பளம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். 'ஷுட்' வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, எழுந்து போய் விசாரித்துக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை வரும் என்றேன்.