பையும் பாப்பாவும் ஏறிய பஸ்கள்

ஊர் ஊராகப் போய் நைட்டி, டி-ஷர்ட் விற்கிறவளுக்கு மூலதனமே வாய்தான். அது எனக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. ஏழாவது வரைக்கும் படித்தேன். டீச்சர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் ஒருநாள்கூட எழுந்து சொன்னதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு இது புரியும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற கூட்டம் நாம்.

பிறகு ஏன் இந்த வேலை? நல்லூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு மூன்று வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்து அழுதவள், என்னைத் தாண்டி, பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினாள். மறுநாளே வேலையை விட்டுவிட்டேன். துணி விற்கப் போனால் பாப்பாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போகலாமே. வீட்டுக்காரர் மட்டும் கறாராகச் சொன்னார்: "ஆடி முடியற வரைக்கும் பாரு. ஆகலைன்னா பழையபடி கம்பெனிக்குப் போ. பாப்பா அமராவதி நகர்ல உங்கம்மாகூட இருக்கட்டும்."

தொலைந்துபோன வீடு

முதல் நாள் சாமளாபுரம். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்தேன். இறங்கியதும் மறந்துபோனது. பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே தெருவில் மேலும் கீழும் நடந்தேன். எல்லா வீட்டிலும் தறி ஓடுகிறது. எப்படியும் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் ஒரு வாசலில் நின்று, "நைட்டி வேணுங்களா?" என்றேன்.

உள்ளே இருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டார். தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். சத்தம் நின்றதும் என் சத்தமும் நின்றுவிட்டது. அவர் என்னையும் பையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனம்மிணி, நாலு தடவை போயிட்டுப் போயிட்டு வர்றயே, உன்ற ஊடு தொலைஞ்சு போச்சா?"

சிவப்பு அம்பு

நான் விற்பது கம்பெனியில் கழித்துப் போட்ட துணிகள். செக்கிங்கில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு குட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஆறு வருஷப் பழக்கம் லேசில் போகுமா? விற்கிறதுக்கு எடுத்து வைக்கும்போது என் கை தானாக எல்லாவற்றிலும் அம்பு ஒட்டி வைத்திருக்கிறது.

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பையைப் பிரித்த பிறகுதான் பார்க்கிறேன், சிவப்புச் சிவப்பாக அம்பு! ஒட்டியாகிவிட்டது, மறைக்கவா முடியும்? "இது ஆயில் கறைங்க, துவைச்சாப் போகாதுங்க. இது கை ஒண்ணு நீளம் கம்மிங்க" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அந்த வீட்டம்மா தாடையில் கை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே மூன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஏங் கண்ணு, நீ விக்க வந்தயா, வாங்காதீங்கன்னு சொல்ல வந்தயா?"

பிரிக்காத பை

அதுவரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்தால், இன்றைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குவது என்பதே நினைப்பு. ஜன்னலுக்கு வெளியே ஊர் இருப்பதே தெரியாது. அந்த நினைப்போடுதான் வடக்கேயிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். ஊருக்குப் புதுசு. புருஷன் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் நாள் முழுக்கப் பேச ஆள் இல்லை. பாப்பா நேராக உள்ளே போய்க் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை. எனக்கு ஹிந்தியில் அதுவும் இல்லை. கரண்டியைக் காட்டினாள், நான் பேர் சொன்னேன். அவள் பேரை அவள் சொன்னாள். இரண்டு பேரும் தப்புத் தப்பாகச் சொல்லிச் சிரித்ததில் எனக்கு வெட்கப்பட நேரமே இல்லை. ரொட்டி சுட்டுத் தந்தாள். பையைப் பிரிக்கவே இல்லை என்பது கிளம்பும்போதுதான் உறைத்தது. அவள் வாசல் வரை வந்து, இருந்த பத்து வார்த்தையில் முக்கால்வாசியைச் செலவழித்தாள்: "அக்கா, நாளைக்கு வா. பை வேண்டாம். பாப்பா கொண்டு வா."

உடுமலை பஸ்

ஆடி முடிந்தது. பாதிச் சரக்கு அப்படியே கிடந்தது. சொன்ன சொல்படி பாப்பாவின் துணிமணி ஒரு பையிலும், அம்மா வீட்டுப் பக்கம் தள்ளிவிடலாம் என்று மிச்சச் சரக்கு இன்னொரு பையிலுமாக, அமராவதி நகருக்கு மாற வேண்டிய உடுமலைக்குப் பஸ் ஏறினேன். அழுவது தெரியாமல் இருக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பாப்பாவிடம், "எங்க கண்ணு போறே?" என்றார். பாப்பா பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தாள்: "எங்கம்மாளுக்குப் பேச வராது. துணி விக்கல. அதுனால என்னைய அம்மாயி ஊட்டுல உடப் போறாங்க!"

பஸ்ஸே சிரித்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்து அடங்கியது. "எங்க, எடு பாக்கலாம்" என்றார் அந்த அம்மா. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஒவ்வொன்றையும் குறையோடு எடுத்துச் சொன்னேன். நைட்டிகள் சீட்டு சீட்டாகப் பயணம் போயின. "எங்கூருக்கு எப்ப வருவே?" என்று நாலு பேர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் கத்தினார்: "ஏனுங்க, டிக்கெட்ட நைட்டிக்குள்ள சுருட்டி வெச்சறாதீங்க!"

உடுமலையில் இறங்கி வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அடுத்த பஸ்லயே ரெண்டு பேரும் திரும்பி வாங்க. அவள அங்க உட்டுட்டு நீ ஆரக் கூட்டிட்டு யாவாரத்துக்குப் போவே?"

மனசைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிறார்கள். என்னுடையதைத் திறந்து வைக்கிறவளுக்கு இன்னும் அரை டிக்கெட்டுக்கான வயசுகூட ஆகவில்லை.