என்னை யாரும் எறிந்ததில்லை

ஜூடோ பழக்குகிறவளுக்கு முதல் வேலை நிறுப்பது; எறிவதும் மடக்குவதும் அதற்குப் பிறகுதான்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு மண்டபத்தில் பின்னேரங்களில் பெண்பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். என் எடை எண்பத்துநான்கு கிலோ. சொல்லாவிட்டாலும் கேட்கத்தான் போகிறீர்கள். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் கதிரையின் காலைப் பார்த்துவிட்டு உட்காருகிறவர்கள் இதை என்னோடு சேர்ந்து வாசிக்கலாம். காற்றடித்தால் பறந்துபோவாய் என்று கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களும் வரலாம். இரண்டு பேருக்கும் வலி ஒன்றுதான்.

கசங்காத உடுப்பு

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாம் வருடம். நூலகத்துக்குப் போகும் வழியில் சீனியர் அக்கா ஒருத்தி என்னை மறித்தாள். ஜூடோ அணியில் எழுபத்தெட்டு கிலோவுக்கு மேற்பட்ட பிரிவுக்கு ஆள் இல்லையாம். “நீ ஒண்டும் செய்யத் தேவல்ல தங்கச்சி, வந்து நிண்டாக் காணும்” என்றாள். மறுத்துப் பேசத் தெரியாததால் போனேன். போன பிறகு பிடித்துவிட்டது. விழுவதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

முதல் போட்டியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மெட் என்கிற தடித்த விரிப்பில் ஏறி வணங்கி நின்றேன். எதிரே ஒருவரும் வரவில்லை. என் எடையில் வேறு பெண்ணே இல்லை. நடுவர் என் கையைத் தூக்கினார், தங்கப் பதக்கம் தந்தார்கள். நான்கு வருடத்தில் நான்கு போட்டி, நான்கு தங்கம், ஒரு பிடி இல்லை. அம்மா அவற்றைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னார்: “அடியும் படாம, உடுப்பும் கசங்காம கொண்டந்திரிக்காள் என்ட மகள்.”

நெல் நிறுத்த தராசு

படிப்பு முடிந்து வகுப்புத் தொடங்கினேன். முதல் வருடமே, போட்டிக்கு முந்தின வாரம் எங்கள் தராசு பழுதாகிவிட்டது. பிள்ளைகளை வரிசையாக நடத்தி, நெல் வாங்கும் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். மூட்டை நிறுக்கும் தட்டில் ஒவ்வொருத்தியாக ஏறி இறங்கினார்கள். “ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிற டீச்சர்?” என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் தானே சிரித்தார். மெலிந்த, வாய் ஓயாத கஜானி நாற்பத்துமூன்றரை கிலோ காட்டினாள். நாற்பத்துநான்குக்குள் விளையாடலாம் என்று பெயரைக் கொடுத்தேன்.

போட்டியன்று மின்தராசு நாற்பத்தைந்து காட்டியது. ஒன்றரை கிலோ ஒரு வாரத்தில் எங்கிருந்து வரும்? கஜானி அழுதாள். அவளை விளையாட விடவில்லை. வயல் வட்டையில் அறுவடையைப் பாதியில் விட்டு வந்திருந்த அவள் அப்பா மட்டும் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோதுதான் வாயைத் திறந்தார்: “அப்ப டீச்சர், இவ்வளவு காலமும் நான் அந்தக் கடைக்கு ஏத்தின நெல்லு?”

பாவம் பார்த்து விழுதல்

ஜூடோவில் ஒரு வீச்சைப் பழக வேண்டுமென்றால் எறிகிறவளும் வேண்டும், எறிபடுகிறவளும் வேண்டும். என் பிள்ளைகள் முப்பது, நாற்பது கிலோக்காரிகள். என் சட்டையைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, முகம் சிவக்க இழுப்பார்கள். நான் பாவம் பார்த்துக் காலைக் கிளப்பி, அவர்கள் முதுகைத் தாண்டி நானே உருண்டு விழுவேன். வளாகத்திலும் அப்படித்தான் செய்தேன். தலைமைப் பயிற்றுநர் ஆண். அவர் பெண்களைப் பிடித்து விளையாடுவதில்லை.

உண்மையாக எறிபட வேண்டும் என்று எனக்கொரு சோட்டை இருந்தது. ஐந்து வயதுக்குப் பிறகு என்னை ஒருவரும் தூக்கியதில்லை. திருவிழாவில் சாமி பார்க்கத் தோளில் ஏறிய மற்றப் பிள்ளைகளைக் கீழே நின்று பார்த்தவள் நான். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஒரு நாள் கஜானி என்னை எறிந்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் கைதட்டலுக்குக் காத்திராமல் என் காதருகே குனிந்தாள்: “டீச்சர், நீங்களாத்தானே விழுந்தீங்க?”

நூறு கிராம்

துஷ்யந்தியைப் போன வருடப் போட்டியில் சந்தித்தேன்; பிள்ளைகளோடு நானும் என் பிரிவில் பெயர் கொடுத்துத்தான் வந்தேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை. நனைந்த விரிப்புகளைத் தூக்கித் தூக்கி இறுகிய தோள்கள். எழுபத்தெட்டுக்குள் பிரிவில் அவளுக்கும் எதிராளி இல்லை. ஆளுக்கொரு சும்மா வந்த தங்கத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். “ஆரோடயாவது ஒருக்காப் பிடிச்சிப் பாக்கணும் அக்கா” என்றாள். அப்போது அவள் எழுபத்தாறு கிலோ. நான் இறங்கி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, இரண்டு மாதம் இராச்சோற்றை விட்டேன். ஒரு கிலோ குறைந்தது, அதுவும் காய்ச்சலில். காய்ச்சல் மாறியதும் அதுவும் திரும்பி வந்தது. அதனால் அவளே ஏறி வருவதாகச் சொன்னாள். இரண்டு பஸ் தூரம், லீவு கிடைக்காத வேலை; போட்டிக்கு வெளியே சந்திக்க வழியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் ஒரு எண் மட்டும் அனுப்புவாள். எழுபத்தாறரை. எழுபத்தேழு. காதல் கடிதத்துக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடப் போட்டியன்று காலையில் பிட்டும் நாலு வாழைப்பழமும் தின்று, இரண்டு போத்தல் தண்ணீரும் குடித்துவிட்டுத் தராசில் ஏறினாள். எழுபத்தேழு தசம் ஒன்பது. எழுபத்தெட்டைத் தாண்ட வேண்டும். இறங்கி இன்னொரு போத்தலைத் திறக்க முன்னம் எடை பதிந்த பெண் அதிகாரி கொப்பியை மூடினார். நான் சபையில் வாய் திறக்காதவள். அன்று எல்லோர் முன்னாலும் “ரெண்டு மிடறு தண்ணி குடிக்க விடுங்க மிஸ்” என்று கெஞ்சினேன். குரல் உடைந்துவிட்டது. அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்: “குறைக்க ஏலாம அழுற ஆக்களத்தான் கண்டிரிக்கன் தங்கச்சி, கூட்ட ஏலாம அழுறத இண்டைக்குத்தான் பாக்கன்.”

மெட் கழற்றும் நேரம்

மறுபடியும் ஆளுக்கொரு தங்கம். பரிசளிப்பு முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். மெட்டுகளைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சதுரம் மட்டும் மிச்சம். துஷ்யந்தி பதக்கத்தைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். “வாங்க அக்கா” என்றாள். நடுவர் இல்லை, பார்க்க என் கஜானியும் மெட் தூக்கும் இரண்டு பேரும்தான்.

வணங்கினோம். அவள் கை என் கழுத்துப்பட்டியில் ஏறியதும், இத்தனை வருடமும் நான் பிடித்தது எல்லாம் வெறும் துணி என்று விளங்கியது. சலவைச் சோப்பு வாசம். நான் தள்ளினேன், அவள் அசையவில்லை. இன்னும் தள்ளினேன். அந்தத் தள்ளலையே வாங்கிக்கொண்டு திரும்பி, என் வயிற்றின் கீழே புகுந்து, இடுப்பைக் கொடுத்தாள். நான் காலைக் கிளப்பவில்லை. கால் தானாகத் தரையை விட்டது. கூரைத் தகரம், மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் வாவி, எல்லாம் ஒரு முறை சுற்றி வந்தன. பிறகு மெட் முழங்கியது. மெட் தூக்கியவர்கள் நின்று பார்த்தார்கள்.

எழும்ப மனம் வரவில்லை. “பட்டிட்டா அக்கா?” என்று அவள் பதறினாள். “இல்ல. இன்னொருக்கா” என்றேன். அதற்குள் கடைசி மெட்டையும் கழற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். அவளுக்கு வாழைச்சேனை பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். இத்தனை வயதில் என்னிடம் ஒருவரும் கேட்காததைக் கேட்டாள்: “அடுத்த வருசம் நான் ஏறி வாறன். நீங்க மட்டும் இறங்கிராதீங்க அக்கா.”

வீட்டுச் சுவரில் இப்போது தங்கப் பதக்கங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தொங்குகின்றன. நான் உண்மையாக விளையாடித் தோற்ற ஒரே ஆட்டத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.