'நின்' என்றால் நில் அல்ல

அம்மாவின் கண் மஞ்சளாகியிருப்பதை முதலில் கவனித்தது நானில்லை, நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற மாடிவீட்டு வங்காளிப் பெண். "மாஷிமாவுக்கு ஜாண்டிஸ்" என்று அம்மாவைக் காட்டி அவள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரிலிருந்து வங்காளத்து டாலிகஞ்சில் இருக்கும் என் வீட்டுக்கு அம்மா வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன ஜாண்டிஸ்?

பௌதி சொன்னதுதான் சரி. அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாய் வீங்கித் தெரிந்தது. எது அடைக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. குழாயின் கீழ்முனையை வயிற்றிலிருந்த வாயு மறைத்துவிட்டது. "கல்லாக இருந்தால் வாய்வழியே குழாய் விட்டு எடுத்துவிடலாம்" என்றார் டாக்டர். கல் இல்லையென்றால்? கட்டியா? "எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போமே" என்று பேச்சை மாற்றினார். அன்றிலிருந்து, பெற்ற தாயின் வயிற்றில் கல் இருக்கவேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் மெஷினுக்குள் அம்மா காதில் ஹெட்போனோடு படுத்திருந்தாள். டெக்னீஷியன் மைக்கில் சொல்கிறபடி மூச்சை இழுத்து, பிடித்து, விடவேண்டும். அவர் வங்காளத்தில் சொன்னார். அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. "அவர் குரலைக் கேட்டுண்டு பண்ணும்மா, சுலபம்தான்" என்று நான்தான் தைரியம் சொல்லியிருந்தேன். எத்தனை முறை எடுத்தும் படம் கலங்கலாகவே வந்தது. "சொல்வதற்கு நேர்மாறாகச் செய்கிறார்" என்று டெக்னீஷியன் அலுத்துக்கொண்டார்.

உள்ளே போய், "என்னம்மா பண்றே?" என்றேன்.

"அவன் 'நின்'னுதானேடி சொல்றான்? நானும் நிறுத்தறேன். இன்னும் என்ன பண்ணணுமாம்?"

நிஷ்ஷாஸ் நின். மூச்சை இழுங்கள். 'நின்' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். காய்காரர் தினமும் என்னிடம் சொல்கிற வார்த்தை. அது அம்மா காதில் நில் என்று விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரித்துவிட்டேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த அம்மாவும் சிரித்தாள்.

மைக்கை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "மூச்சை இழும்மா... பிடிச்சுக்கோ... விடு" என்றேன். அம்மா பிசகாமல் செய்தாள். திரையில் முருங்கைக் கிளைகள்போல வெள்ளை வெள்ளையாகக் குழாய்கள் தெளிந்து வந்தன. எல்லாம் சேர்ந்து ஒரே குழாயாகக் கீழே இறங்கி, சட்டென்று நின்றுபோயின.

மறுபடி 'பிடிச்சுக்கோ' என்று நான் சொன்ன நேரத்தில் பெண் டாக்டர் ஒருவர் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். நான் தமிழில் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கு வங்காளம் தெரியாது என்று நினைத்திருக்கவேண்டும். "பாத்தோர் நேய்" என்றார் டெக்னீஷியனிடம்.

கல் இல்லை.

அப்படியென்றால் என்ன என்று டெக்னீஷியன் கண்ணாலேயே கேட்டார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். யாரை என்ன கேட்பது, கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?

டெக்னீஷியன் என் தோளைத் தொட்டு மைக்கைக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. நான் இன்னும் 'விடு' சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு என் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா" என்றேன்.

வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தடவை சரியாப் பண்ணினேனா? படம் நன்னா விழுந்துதா?"

"ரொம்ப நன்னா விழுந்திருக்கும்மா" என்றேன்.