ஆதம்பாவா காக்கா தம்பிக்குச் சொல்லி அனுப்பியது

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதல் தடவை அறிவித்தபோது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. லேத் ஓடிக்கொண்டிருந்தது. பெயரின் பின்பாதி மட்டும் காதில் விழ, சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இரண்டாம் தடவை முழுப்பெயரும் வந்தது. கல்முனையில் கராஜ் வைத்திருந்த, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்ட ஆதம்பாவா காக்கா மௌத்தாகிவிட்டார். முதல்நாள் பின்னேரம் கூட என் கடைக்கு வந்து, தேநீர் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போன மனிதர். விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கைவேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து உழவு இயந்திரங்களுக்கு உவர்த்தண்ணீர்தான் எமன். கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, எஞ்சின் புளொக்கின் உட்புறம் அரித்துப் போகும். பிஸ்டன் ஓடுகிற உறையான சிலிண்டர் சிலீவின் அடியில் ரப்பர் வளையம் உட்காருகிற இடம் குழி விழுந்துவிட்டால், தண்ணீர் கசிந்து எண்ணெயில் கலந்துவிடும். அப்படியான புளொக்கை நான் லேத் கடையில் கடைந்து துளையைப் பெரிதாக்கிக் கொடுப்பேன். அதற்கேற்ற பெரிய சிலீவை அவர் இறக்குவார். பாண்டிருப்பிலிருந்து வந்து அவருடைய கராஜுக்குப் பக்கத்தில் நான் கடை போட்ட நாள் முதல், எங்கள் இரண்டு பேருக்கும் பிழைப்பு இதுதான்.

அவர் அவசரப்பட்டு நான் கண்டதில்லை. வளையம் போடாமல் சிலீவை முதலில் வெறுமனே இறக்கிப் பார்ப்பார். கையால் இறங்காவிட்டால் சுத்தியலைத் தொட விடமாட்டார். "அடிக்கிறதுக்கு முதல், ஏன் இறங்கல்ல எண்டு பாருங்க" என்பார். பிறகு வளையங்களைப் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி, முறுகாமல் இறக்குவார். எல்லாம் முடிந்ததும் புளொக்குக்குள் தண்ணீர் நிரப்பி, கீழே பழைய பத்திரிகையை விரித்து வைத்துவிடுவார். அடுத்த நாள் அந்தத் தாள் காய்ந்து கிடந்தால்தான் பிஸ்டனைக் கையில் எடுப்பார்.

அந்தத் தாளில்தான் அவருக்கும் தம்பி நலீமுக்கும் பிரிவு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே கராஜை நடத்தினார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நேரம். காரைதீவு விவசாயி கந்தசாமி தன்னுடைய எஞ்சினுக்காகக் கராஜ் வாசலிலேயே குந்திக்கொண்டிருந்தார். காக்கா ஒரு கலியாணத்துக்குப் பொத்துவில் போயிருந்தார். கந்தசாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல், தண்ணீர் நிரப்பிப் பார்க்காமலே நலீம் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்துவிட்டான். ஒரு வளையம் முறுகியிருந்தது. பாதி உழவில் எண்ணெயெல்லாம் பால்போல் வெளுத்து, உள்ளே பேரிங் உருகி, மெசின் வயல் நடுவே நின்றுவிட்டது.

திரும்பி வந்த காக்கா, கராஜ் நிறைய ஆட்கள் நிற்க, "இனி நீ ஒரு எஞ்சின்லயும் கை வைக்காத" என்றார். நலீம் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். போனவன் போனவன்தான். சம்மாந்துறையில் தனியாகக் கராஜ் போட்டுக்கொண்டான். காக்கா வேறொருவரின் மெசினைக் கேட்டு வாங்கிப் போய், கந்தசாமியின் மிச்ச வயலைத் தானே உழுது கொடுத்தார். சேற்றோடு திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னது சரி, யோகன். சொன்ன இடந்தான் பிழை" என்றார்.

"அப்ப போய்க் கதைங்களன் காக்கா."

"கதைக்கணும். கொஞ்சம் ஆறட்டும்."

ஆறவில்லை. பெருநாட்கள் வந்து போயின. பெற்ற உம்மாவின் ஜனாஸாவை அடக்கும்போதுகூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

போன நெல் வெட்டுக்குக் கொஞ்சம் முன்னர், நலீம் ஒரு புளொக்கை என்னிடம் கொண்டுவந்தான். நன்றாக அரித்துப்போன புளொக். கடைந்தால் சுவர் தாங்குமோ என்று எனக்கே பயம். "கடைஞ்சிட்டு, சிலீவ் இறக்கக் காக்காட்டக் குடுங்க அண்ணன். எனக்குப் பயமா இருக்கு. என்ட பேரச் சொல்லிராதீங்க" என்றான்.

நான் பெயர் சொல்லவில்லை. காக்கா புளொக்கைச் சுற்றி வந்தார். கழற்றிய பேரிங் மூடிகளை வரிசை மாறாமல் கம்பியில் கோத்துக் கட்டியிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது அவர்களுடைய வாப்பா கட்டுகிற கட்டு; அண்ணன் தம்பி இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் கீழே கிடந்த தாளைக் காட்டினார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"தம்பிட்டச் சொல்லு, நல்லா இறங்கிட்டு எண்டு. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு சோத்துக்கு வரச் சொல்லு."

அன்றைக்கே போய்ச் சொன்னேன். நலீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம், வாறன் அண்ணன். இந்த எஞ்சின் ஒரு வெட்டு ஓடி முடியட்டும். ஓடிக் காட்டிட்டுத்தான் காக்காட முகத்தில முழிக்கணும்" என்றான். நான் அதைக் காக்காவிடம் சொல்லியிருந்தும், அந்த வெள்ளிக்கிழமை அவருடைய வீட்டில் கோழி அறுத்து ஆக்கியிருந்தார்கள். காக்கா சாப்பிடாமல் வெகுநேரம் வழி பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய மனைவி சொன்னார். அதற்குப் பிறகு வந்த வெள்ளியிலும் நலீம் வரவில்லை. வெட்டு நன்றாக நடந்தது. எஞ்சினும் நன்றாக ஓடியது. வெட்டு முடிய முந்தி காக்கா போய்விட்டார்.

மையவாடியில் நலீம் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, அடுத்த பிடியைப் போட மாட்டாமல் கையை மூடியபடியே நின்றான். யாரோ தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார்கள்.

இப்போது சில நாட்களில் அவன் என் கடைக்கு வருகிறான். வேலை ஒன்றும் இருக்காது. லேத்தை நிறுத்தும்வரை காத்திருந்துவிட்டு, "காக்கா அண்டைக்கு எப்படிச் சொன்னார் அண்ணன்?" என்று கேட்பான். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாறாமல் சொல்வேன். "கோவமாச் சொன்னாரா?" என்பான். இல்லை, கையைத் துடைத்துக்கொண்டே, நேற்றும் வந்துபோன ஆளைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார் என்பேன். ஆதம்பாவா காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான். அது எனக்கென்று தரப்பட்டதல்ல. நலீம் கேட்கும்போதெல்லாம் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன்.